29, 30, 31, 45: எந்தப் படத்தை யாரோடு பார்ப்பது?

பல வருடம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவிக்குள் விரிசல் விழும் கதையைப் படமாக எடுப்பது, காதல் கதை எடுப்பதைவிடக் கஷ்டமான வேலை. காதல் கதையில் இரண்டு பேர் சந்தித்தால் போதும், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் நம் கண் முன்னாலேயே நடக்கும். இங்கே படம் ஆரம்பிப்பதற்கு முன்பே முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்த முப்பது வருடத்தையும் ஒரு பார்வையில், நாற்காலியை இழுத்துப் போடும் விதத்தில், பாதியில் நிற்கும் ஒரு பேச்சில் காட்டியாக வேண்டும். அதனால்தான் இந்த வகையில் நல்ல படங்கள் குறைவு. இருக்கிற நல்ல படங்களிலும் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள்.

ஐந்து படங்களை எடுத்துக்கொள்கிறேன். 'ஹோப் ஸ்பிரிங்ஸ்' (2012), 'லே வீக்கெண்ட்' (2013), '45 இயர்ஸ்' (2015), 'ஹோப் கேப்' (2019), இவற்றோடு யசுஜிரோ ஓசுவின் பழைய ஜப்பானியப் படம் 'தி ஃப்ளேவர் ஆஃப் கிரீன் டீ ஓவர் ரைஸ்' (1952). முதல் நான்கில் வரும் தம்பதிகளுக்குக் கல்யாணமாகி முறையே 31, 30, 45, 29 வருடங்கள் ஆகியிருக்கின்றன. ஐந்துமே சிரிப்பையும் வருத்தத்தையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து தருபவை. அந்த விகிதம்தான் படத்துக்குப் படம் மாறுகிறது.

எது சிறந்த படம் என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவேன்: '45 இயர்ஸ்'. ஆனால் இன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எதைப் போடுவது என்று கேட்டால் பதில் வேறு. இந்த மாதிரிப் படங்களை யாரும் சும்மா பார்ப்பதில்லை. திரையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரையும் நினைத்துக்கொள்கிறோம். அதனால் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்து பேச முடிகிறதா? சில படங்கள் பேச்சைக் கிளப்பிவிடும். சில படங்கள் இருக்கிற பேச்சையும் அடைத்துவிடும். நட்சத்திர மதிப்பெண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முடிவுகளைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. இந்தப் படங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகுவதே முடிவில்தான். கதை தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் கடைசி நான்கு பத்திகளுக்கு நேராகப் போய்விடலாம். அங்கே கதை இல்லை, தேர்வு மட்டும்தான்.

ரொம்பச் சுலபமானதில் ஆரம்பிக்கலாம். 'ஹோப் ஸ்பிரிங்ஸ்' படத்தில் மெரில் ஸ்ட்ரீப்பும் டாமி லீ ஜோன்ஸும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹாவில் வாழும் தம்பதி. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். இருவரும் தனித்தனி அறையில் தூங்குகிறார்கள். காலையில் மனைவி முட்டை பொரித்து வைக்கிறார், கணவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். ராத்திரி டிவியில் கோல்ஃப் பாடம் பார்த்தபடியே நாற்காலியில் தூங்கிப்போகிறார். மறுநாளும் அதே முட்டை, அதே கோல்ஃப். சண்டை கிடையாது, மூன்றாவது ஆள் கிடையாது. ஒருவரை ஒருவர் தொடுவதே நின்றுபோய்விட்டது, அவ்வளவுதான். மனைவி தன் சேமிப்பை எடுத்து, மெய்ன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் தம்பதி ஆலோசகரிடம் ஒரு வாரத்துக்குப் பதிவு செய்கிறார். கணவர் முணுமுணுத்துக்கொண்டே கூடப் போகிறார்.

படத்தின் பலம் அந்த ஆலோசகரின் அறைதான். ஸ்டீவ் கரெல் தன் வழக்கமான சேட்டைகள் எதுவும் இல்லாமல், அமைதியாக உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். சோபாவின் இந்த மூலையில் மனைவி, அந்த மூலையில் கணவர். நடுவில் இருக்கும் காலி இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. "கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டு இருங்கள்" என்பதுதான் அவர் கொடுக்கும் முதல் பயிற்சி. முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதருக்கு அது மலையைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டாமி லீ ஜோன்ஸ் தவிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே படத்தைப் பார்க்கலாம். கரடுமுரடான ஆள், பேச வராது, பேச வராததைக் கோபமாக மாற்றிக்கொள்வார். அப்படி ஒருவரோடு வாழ்பவர்களுக்கு இந்த முகம் உடனே அடையாளம் தெரியும்.

குறையும் இருக்கிறது. உணர்ச்சி வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, இங்கே வருத்தப்படு, இங்கே சந்தோஷப்படு என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்ட்ரீப்பின் முகத்தில் எல்லாமே இருக்கும்போது அந்தப் பாட்டு எதற்கு என்று எரிச்சல் வருகிறது. கடைசியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. கடற்கரையில் மறுபடி உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு பழைய விரிசல் இவ்வளவு அழகாக மூடிக்கொள்ளுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இருந்தாலும், ஒரு பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாமல் இருக்கும் தம்பதிக்கு இந்த ஐந்தில் மிகவும் உபயோகமான படம் இதுதான். திரையில் அவர்கள் பேசுவது படுக்கையறை விஷயம். அதை நாமாக எடுத்தால் சங்கடம். படம் எடுத்துக் கொடுத்தால் பேசிவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அதே காரணத்தால் இது பெற்றோரோடோ பிள்ளைகளோடோ சேர்ந்து பார்க்கிற படம் இல்லை.

'லே வீக்கெண்ட்' இதற்கு நேர் எதிர். இங்கே பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. நிக், மெக் இருவரும் பர்மிங்ஹாமிலிருந்து முப்பதாவது கல்யாண நாளுக்காகப் பாரிஸுக்கு ரயிலில் வருகிறார்கள். நிக்காக வரும் ஜிம் பிராட்பென்ட் தத்துவப் பேராசிரியர், மெக்காக வரும் லிண்ட்சே டங்கன் பள்ளி ஆசிரியை. இயக்கம் ரோஜர் மிஷெல், எழுத்து ஹனிஃப் குரேஷி. தேனிலவுக்கு வந்தபோது தங்கிய அதே மோன்மார்த்ர் ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறார் கணவர். மனைவி உள்ளே நுழைந்து சுவரின் வெளிறிப்போன நிறத்தைப் பார்க்கிறார், திரும்பி வெளியே நடந்துவிடுகிறார். டாக்ஸியில் ஊரைச் சுற்றிவிட்டு, கையில் இருக்கும் காசுக்குக் கட்டுப்படியே ஆகாத ஒரு பெரிய ஹோட்டலில் போய் இறங்குகிறார்கள். பழைய இடத்துக்குத் திரும்பிப் போனால் பழைய மனசும் திரும்பிவிடும் என்று ஒருவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையே இன்னொருவருக்கு மூச்சை முட்டுகிறது. முதல் பத்து நிமிடத்திலேயே கல்யாணம் எந்த நிலையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த இருவரையும் ஒரு நிலையில் பிடித்து வைக்க முடியாது என்பதுதான் படத்தின் அழகு. இந்த நிமிடம் தெருவில் முத்தம் கொடுத்துக்கொள்வார்கள், அடுத்த நிமிடம் "நாம் பிரிந்துவிடலாமா" என்று மனைவி கேட்பார். ஒரு நல்ல உணவகத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பணம் கட்டாமல் பின்வழியாக ஓடுகிறார்கள். அறுபதை ஒட்டிய இருவர் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே ஓடும்போது, இவர்களை முப்பது வருடம் சேர்த்து வைத்தது எது என்பது புரிகிறது. இவர்களுக்கு ஒருவரோடு ஒருவர் இருந்தால்தான் குறும்பு வரும். அதே சமயம் மனைவி கணவரைச் சொல்லால் குத்தும் இடங்கள் நிஜமாகவே வலிக்கின்றன. அவர் ஒட்டிக்கொண்டே இருக்கிறார். இவருக்கு அதுவே வெறுப்பாக இருக்கிறது. வளர்ந்த மகன் குடும்பத்தோடு வீட்டுக்குத் திரும்பி வரப் பார்க்கிறான். கணவருக்குச் சம்மதம், மனைவிக்குச் சுத்தமாக விருப்பமில்லை. கணவர் கல்லூரியில் வேலையை இழக்கப்போவதை மனைவியிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார். நேரம் வரும்போது இவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கணவரின் பழைய கல்லூரி நண்பர் ஒருவர், இப்போது பெயரும் புகழும் பெற்ற எழுத்தாளர், தெருவில் தற்செயலாகச் சந்தித்துத் தன் வீட்டு விருந்துக்கு அழைக்கிறார். ஜெஃப் கோல்ட்ப்ளம் நடித்திருக்கிறார். விருந்தில் எல்லோர் முன்னாலும் அவர் நிக்கைத் தலையில் தூக்கிவைத்துப் பேசுகிறார்: என்னை உருவாக்கியவனே இவன்தான், அந்தக் காலத்தில் இவனைப் போல் ஆகத்தான் ஆசைப்பட்டேன் என்று. அடுத்து நிக் பேச வேண்டும். அவர் எழுந்து தன் வாழ்க்கை எந்த அளவுக்குச் சரிந்திருக்கிறது என்பதை வரிசையாக, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சொல்லிவிடுகிறார். வேலை போனது, பணம் இல்லாதது, மகன் நிலை, மனைவி தன்னை விட்டுப் போகப்போகிறாள் என்ற பயம், எல்லாமே. மேஜையில் ஒரு சத்தம் இல்லை. எத்தனையோ நாள் தன் மனைவியிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதை ஊரார் முன்னால் சொல்கிறார், ஏனென்றால் தனியாக இருக்கும்போது அதைச் சொல்ல முடிந்ததே இல்லை. மனைவி அங்கே அவர் பக்கம் நிற்கிறார். இருவரும் சேர்ந்தே அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். மன்னிப்பும் கேட்கவில்லை, உறுதியும் கொடுத்துக்கொள்ளவில்லை. சேர்ந்து வெளியேறினார்கள் என்பதோடு சரி.

முடிவில் ஹோட்டல் பில்லைக் கட்டப் பணம் இல்லாமல், ஒரு காபிக் கடையில் அந்த எழுத்தாளர் நண்பரோடு சேர்ந்து மூன்று பேரும் வரிசையாக நின்று நடனம் ஆடுகிறார்கள். 1964-ல் வந்த, பிரெஞ்சு இயக்குநர் கோடார்டின் 'பாண்ட் ஆ பார்ட்' படத்தின் புகழ்பெற்ற நடனம் அது. பிரச்சினை ஒன்றுகூடத் தீரவில்லை. கடன் அப்படியே இருக்கிறது, வேலை போனது போனதுதான், மகன் திரும்பி வருவானா மாட்டானா என்பதும் தெரியாது. ஆனாலும் படம் முடியும்போது இவர்கள் இன்னும் சில வருடம் சேர்ந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. 'ஹோப் ஸ்பிரிங்ஸ்' எல்லாவற்றையும் தீர்த்துவைத்தும் தராத நம்பிக்கையை இது ஒன்றையும் தீர்க்காமலே தந்துவிடுகிறது.

இனி '45 இயர்ஸ்'. எழுதவே தயக்கமாக இருக்கும் படம், அவ்வளவு நுட்பமானது. சார்லட் ராம்ப்ளிங், டாம் கோர்ட்னி. இயக்கம் ஆண்ட்ரூ ஹெய். இங்கிலாந்தின் நார்ஃபோக் கிராமப்புறத்தில், குழந்தை இல்லாத, ஓய்வுபெற்ற தம்பதி. வரும் சனிக்கிழமை நாற்பத்தைந்தாவது கல்யாண நாள் விருந்து. நாற்பதாவதைக் கொண்டாட வேண்டியவர்கள்தான். கணவருக்கு அப்போது இதய அறுவை சிகிச்சை, அதனால் தள்ளிப்போய்விட்டது. திங்கட்கிழமை ஒரு கடிதம் வருகிறது. 1962-ல் சுவிஸ் மலையில் பனிப்பிளவில் விழுந்து இறந்துபோன, கணவரின் பழைய காதலியின் உடல் பனிக்குள் தெரிகிறதாம். கல்யாணத்துக்கு முன்பு நடந்தது, மனைவிக்கும் ஓரளவு தெரிந்த விஷயம். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. அப்புறம் ஏன் அந்த வாரம் முழுவதும் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டே போகிறது?

ஏனென்றால் மனைவி தன் நாற்பத்தைந்து வருடத்தையும் மறுபடி ஒருமுறை படிக்க ஆரம்பித்துவிடுகிறார். அவள் இறக்காமல் இருந்திருந்தால் அவளைத்தான் கல்யாணம் செய்திருப்பீர்களா என்ற கேள்விக்கு, ஆமாம் என்று கணவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். ராத்திரியில் எழுந்து பரணுக்கு ஏறிப்போகிறார். ஒருநாள் அவர் வீட்டில் இல்லாதபோது மனைவியும் ஏணியைப் போட்டு மேலே ஏறுகிறார். அங்கே ஒரு பழைய ஸ்லைடு புரொஜெக்டர், தொங்கவிட்ட ஒரு வெள்ளைத் துணி. படங்களை ஒவ்வொன்றாக நகர்த்துகிறார். க்ளிக், க்ளிக் என்ற சத்தம் மட்டும். ஒரு படத்தில் அந்தப் பெண் தன் வயிற்றின் மேல் கை வைத்து நிற்கிறாள். கர்ப்பம். கேமரா நகர்வதே இல்லை. ஒரு பக்கம் துணியில் அந்த இளம்பெண், இன்னொரு பக்கம் ராம்ப்ளிங்கின் முகம். வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை. இந்த வீட்டில் இவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படங்கள் ஏன் கண்ணில் படவே இல்லை என்பதும், குழந்தை இல்லாத அவர்கள் வாழ்க்கையும், பரணில் இத்தனை வருடம் பத்திரமாக இருந்த இந்தப் படங்களும் ஒரே நொடியில் ஒன்றுசேர்கின்றன. படத்தின் ஆரம்பத்தில், எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரையில் ஒரு க்ளிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது என்ன சத்தம் என்பது இந்த இடத்தில்தான் தெரியவரும்.

சனிக்கிழமை விருந்து நடக்கிறது. கணவர் பேசுகிறார், கலங்குகிறார், மனசாரத்தான் பேசுகிறார். அப்புறம் அவர்கள் கல்யாணத்தில் ஆடிய அதே பாட்டுக்கு இருவரும் நடனம் ஆடுகிறார்கள். பாட்டு முடியும்போது அவர் சந்தோஷத்தில் மனைவியின் கையைப் பிடித்து மேலே உயர்த்துகிறார். மனைவி கையை வெடுக்கென்று உருவிக்கொள்கிறார். அவ்வளவுதான் படம். அந்தக் கை இழுப்புக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று பல நாள் யோசிக்க வைக்கும். பெர்லின் திரைப்பட விழாவில் இருவருக்குமே நடிப்புக்கான வெள்ளிக் கரடி விருது கிடைத்தது, ராம்ப்ளிங்குக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது.

ஆனால் இந்தப் படத்தை உங்கள் கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து பார்க்க நான் சொல்ல மாட்டேன். காரணம் எளிது. படம் கிளப்பும் கேள்வி, "உன் மனசில் எனக்கு முன்னால் யார் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்களா" என்பது. இதற்குப் பொய்யான பதில் சொன்னாலும் கஷ்டம், உண்மையான பதில் சொன்னாலும் கஷ்டம். 'ஹோப் ஸ்பிரிங்ஸ்' கிளப்பும் கேள்விக்குச் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது: சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம். '45 இயர்ஸ்' கிளப்பும் கேள்விக்கு அப்படி ஒன்றும் இல்லை. படம் முடிந்ததும் இருவரும் எழுந்து தம்ளர்களை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவார்கள். தனியாகப் பாருங்கள். அல்லது சினிமாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நண்பரோடு பாருங்கள். அப்போது அதன் முழு ருசியும் கிடைக்கும்.

'ஹோப் கேப்' பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அனெட் பெனிங், பில் நை. இங்கிலாந்தின் தென்கரையில் சுண்ணாம்புப் பாறைகளுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மனைவி கவிதைத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார், கணவர் வரலாற்று ஆசிரியர். ஒரு வார இறுதியில் மகனை வரவழைத்து, தான் இன்னொரு பெண்ணோடு போகப்போவதாக அவனிடம் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் மனைவியிடம் சொல்கிறார் கணவர். எழுதி இயக்கிய வில்லியம் நிக்கல்சன் தன் பெற்றோர் பிரிந்த அனுபவத்திலிருந்து முதலில் நாடகமாக எழுதியதுதான் இது. நாடக வாசனை படத்திலும் போகவில்லை. ஆட்கள் கொஞ்சம் அதிகமாகவே சரியான வாக்கியங்களில் பேசுகிறார்கள். பெனிங்கின் கோபம் சில இடங்களில் நம்மைக் களைப்பாக்குகிறது.

ஆனால் மற்ற நான்கும் கண்டுகொள்ளாத ஒரு ஆளை இது கண்டுகொள்கிறது: வளர்ந்த பிள்ளை. ஜோஷ் ஓ'கானர் நடித்த மகன், அப்பா சொல்லும் சேதியை அம்மாவுக்கும், அம்மா சொல்லும் சேதியை அப்பாவுக்கும் சுமந்துகொண்டு இரண்டு வீட்டுக்கும் அலைகிறான். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இளம் வயதில் தவறான ரயிலில் ஏறிவிட்டதால்தான் அம்மாவைச் சந்தித்தார். இந்தக் கல்யாணமே அப்படி ஒரு தவறான ரயில்தான் என்று இருபத்தொன்பது வருடம் கழித்து அவருக்குத் தோன்றுகிறது. அம்மா பக்கமும் நியாயம்: குறை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரிசெய்ய முயன்றிருப்பேனே, எனக்கு ஒரு வாய்ப்புகூடக் கொடுக்கவில்லையே என்கிறார். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மாட்டியவனால் யாரையும் வெறுக்க முடிவதில்லை. பெற்றோர் பிரிந்திருக்கும், அல்லது பிரியும் நிலையில் இருக்கும் மகனோ மகளோ பார்க்க வேண்டிய படம் இது. அந்தப் பெற்றோருக்கே போட்டுக்காட்ட வேண்டாம்.

கடைசியாக ஓசு. இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது ஆற்றாமை. கறுப்பு வெள்ளை, 1952, கதை மெதுவாகப் போகும் என்று பயப்படுகிறார்கள். கொஞ்சம் நீளம்தான், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டோக்கியோவில் வசதியான ஒரு வீடு, பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம், நடுத்தர வயது, குழந்தை இல்லை. ஷின் சபுரி கணவர், மிச்சியோ கொகுரே மனைவி. மனைவிக்குக் கணவர் ஒரு மந்தமான ஆள். தோழிகளோடு வெந்நீர் ஊற்றுக்குப் போக அவரிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அங்கே குளத்தில் ஒரு மீனைப் பார்த்து, இது நம்மாள் மாதிரியே இருக்கிறது என்று தோழிகளோடு சேர்ந்து சிரிக்கிறார். கணவர் சோற்றில் குழம்பை ஊற்றிச் சத்தமாகச் சாப்பிடுவது, மலிவான சிகரெட் பிடிப்பது, ரயிலில் மூன்றாம் வகுப்பில் போவது, ஒன்றும் மனைவிக்குப் பிடிக்காது. இதையெல்லாம் ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிடுகிறார்.

கணவருக்கு உருகுவேயில் வேலை வருகிறது. வழியனுப்ப மனைவி வரவில்லை. கோபித்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது அவர் போயே விட்டார். அன்று ராத்திரி, விமானத்தில் ஏதோ கோளாறு என்று அவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். பசி. வேலைக்காரப் பெண்ணை எழுப்ப மனசில்லை. இருவரும் சேர்ந்து அடுக்களைக்குப் போகிறார்கள். அங்கே சோறு எதில் இருக்கிறது, கிண்ணம் எங்கே, ஊறுகாய் எங்கே என்று வீட்டுக்காரியான மனைவிக்கே தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிறார்கள். ஒருவர் கை நனையாமல் இன்னொருவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிறார். சோற்றில் தேநீரை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். எப்படிச் சாப்பிடுவதற்காகக் கணவரை இத்தனை நாள் மட்டம் தட்டினாரோ, கிட்டத்தட்ட அதே மாதிரிச் சாப்பாடு. மனைவி சாப்பிட்டுக்கொண்டே மன்னிப்புக் கேட்கிறார். தம்பதிகளின் சமாதானத்தை இவ்வளவு சாதாரணமாக, இவ்வளவு முழுசாக வேறு யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. இந்தக் கதையை ஓசு 1939-லேயே எழுதிவிட்டார். அதில் கணவர் போருக்குப் போகிறவர். போருக்குக் கிளம்புகிறவன் மங்களமான செஞ்சோறு சாப்பிடாமல் இப்படித் தேநீர்ச் சோறு சாப்பிடுவதா என்று தணிக்கையாளர்கள் மறுத்துவிட்டார்கள். படமாவதற்குப் போர் முடிந்து இன்னும் சில வருடம் ஆக வேண்டியிருந்தது.

ஓசுவின் படத்தில் மன்னிப்புக் கேட்கும் சுமை பெரும்பாலும் மனைவி தலையில்தான் விழுகிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. கணவர் ஏதோ பொறுமைக்கே பிறந்தவர் மாதிரி வருகிறார். இன்று பார்க்கும் பெண்களுக்கு அது உறுத்தலாம், உறுத்தவும் வேண்டும். நான் பார்த்தவரை அந்த உறுத்தலே படம் முடிந்த பிறகு நல்ல பேச்சாக மாறுகிறது.

சரி, தேர்வுக்கு வரலாம். இருவரும் சேர்ந்து பார்க்க, இந்த ஐந்தில் ஒன்றே ஒன்று என்றால் என் பதில் 'லே வீக்கெண்ட்'. நிறையப் பேசும், சண்டை போடும், ஆனால் பேச்சு முற்றிலும் அறுந்துபோகாத தம்பதிக்கு அது சரியாகப் பொருந்தும். சிரிப்பு நிஜமான சிரிப்பு, வலி நிஜமான வலி, இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்வதில்லை. படம் முடிந்ததும் "நீ அவள் மாதிரிதான்" என்று ஒருவரும், "நீ மட்டும் என்னவாம்" என்று இன்னொருவரும் ஆரம்பிப்பார்கள். அது நடந்தால் தேர்வு சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வீட்டில் இருந்தும் பேச்சே குறைந்துபோன தம்பதி என்றால் 'ஹோப் ஸ்பிரிங்ஸ்'. அதன் பாட்டுகளையும் சுலபமான முடிவையும் பொறுத்துக்கொள்ளலாம், அந்த ஆலோசனை அறைக்காக. யார் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முக்கியம். பேச விரும்பும் ஒருவர், பேச விரும்பாத இன்னொருவருக்குப் பாடம் நடத்துகிற மாதிரி இதைப் போட்டால் அவர் டாமி லீ ஜோன்ஸைவிட மோசமாக முறைப்பார். நடுவில் நிறுத்தி "பார்த்தாயா" என்று கேட்காமல் கடைசிவரை ஓட விடுங்கள். வயதான பெற்றோருக்கு ஒரு படம் போட்டுக்காட்ட வேண்டும் என்றால் ஓசுதான். கூச்சப்பட ஒரு காட்சி கிடையாது, அடுக்களைக் காட்சியை அவர்கள் உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

இப்போது நிஜமாகவே கல்யாணம் ஆட்டம் கண்டிருக்கிறது, பிரிவதா சேர்ந்திருப்பதா என்ற யோசனையில் இருக்கிறோம் என்றால், '45 இயர்ஸ்', 'ஹோப் கேப்' இரண்டையும் தள்ளிவையுங்கள். முதலாவது சந்தேகத்தை வளர்க்கும், இரண்டாவது ஏற்கெனவே எடுத்த முடிவை இன்னும் கெட்டியாக்கும். அந்த நேரத்தில் படம் பார்ப்பதைவிட, நேராக ஒரு நல்ல ஆலோசகரிடம் போவது மேல். படம் எந்தப் புண்ணுக்கும் மருந்தாக எடுக்கப்பட்டதில்லை. எல்லாம் கொஞ்சம் அமைதியான பிறகு வேண்டுமானால் ஓசுவில் ஆரம்பித்து 'லே வீக்கெண்ட்' பக்கம் வரலாம்.

இரண்டு ராத்திரி கையில் இருந்தால், முதல் ராத்திரி இருவருமாக 'லே வீக்கெண்ட்'. '45 இயர்ஸ்' படத்தை இன்னொரு நாளைக்கு, வீட்டில் நீங்கள் மட்டும் இருக்கும்போது, செல்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு நொடி கண்ணை எடுத்தாலும் அந்த முகத்தில் நடப்பது தவறிவிடும்.